மாவுக்கட்டு ரூம் அகராதி

அட, மொறைக்காதீங்க சார், உங்கள ஒண்ணும் சொல்லல. உங்க கால் எலும்புக்குத்தான் குழல்னு பேரு. எக்ஸ்ரே படத்தப் பாத்து டாக்டர் டிபியா, டிபியான்னாரே, அதான். லத்தீன்ல டிபியான்னா ஊதற குழல். எலும்புல தொளை போட்டு ஊதியிருக்காங்க போல, பேரு ஒட்டிக்கிச்சு. அதுக்குப் பக்கத்துல ஒல்லியா இன்னொண்ணு இருக்கு, ஃபிபுலா. அது துணியச் சேத்துக் குத்தற ஊக்கு. உங்களுக்கு ஊக்குலதான் விரிசல். குழலுக்கு ஒண்ணும் ஆகல, தாராளமா வாசிக்கலாம்.

வலிக்குதா? வலிக்கும். பேஷன்ட்னாலே பொறுத்துக்கறவன்னுதான் அர்த்தம். வெளிய பெஞ்சுல ராத்திரிலேருந்து ஒக்காந்திருக்காங்களே, அவங்களப் பாக்கறப்பல்லாம் எவ்வளவு பொருத்தமா பேரு வச்சிருக்கான்னு தோணும். உங்களுக்கு அந்தப் பொறுமையெல்லாம் தேவையில்ல. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி நேரா உள்ள கொண்டாந்துட்டாங்க. நிர்வாக அதிகாரிய யாரு வரிசைல நிக்க வைப்பா?

என்ன, பேசறது புரியலயா? மாஸ்க்க எப்டி சார் கழட்டறது? டூட்டில கழட்டக்கூடாதுன்னு போன மாசம் நீங்கதான் ஆர்டர் போட்டீங்க.

இல்ல, நா நைட் டூட்டி. பத்தொம்போது வருஷமா நைட்டுதான். கெளம்பி சட்டைகூட மாத்திட்டேன். பகல்ல கட்டுப் போடறவரு எட்டு மணிக்குத்தான் வருவாரு, அதுக்குள்ள நீங்க படிக்கட்டுல சறுக்கிட்டீங்க. ஏன் சார், தொடைக்கற அக்கா மஞ்சக் கலர்ல போர்டு வச்சிருந்தாங்களே, தரை ஈரம், ஜாக்கிரதைன்னு? இங்கிலீஷ்லதான் எழுதியிருந்துச்சு. எழுத்தே தெரியாத ஜனம் பூராவும் கம்பியப் புடிச்சு பத்திரமா எறங்கிடுச்சு. படிச்சவரு நீங்க விழுந்துட்டீங்க. சரி சரி, விடுங்க.

பாதத்த நேரா நிமித்தி வைங்க. அப்டியே. இப்ப பஞ்சு சுத்தறேன். வீக்கம் இருக்கறதால இன்னிக்குப் பாதிக்கட்டுதான், பின்பக்கம் மட்டும் பலக மாதிரி. அடுத்த வாரம் முழுக்கட்டு.

இதெல்லாம் எங்க படிச்சேனா? எங்கயும் படிக்கல சார். பத்தாங்கிளாஸ்ல ரெண்டு தடவ இங்கிலீஷ் கவுத்துச்சு, அதோட சரி. இந்த மேஜை ஆடுதுன்னு காலுக்கு முட்டு குடுத்திருந்தாங்க ஒரு புஸ்தகத்த. பெரிய டாக்டர் ஒருத்தரு விட்டுட்டுப் போன டிக்‌ஷனரி. ஒரு நா ராத்திரி கேஸே வரல. உருவிப் பாத்தேன். ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழயும் அது எங்க பொறந்துச்சு, எந்த ஊரு வழியா வந்துச்சுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். அன்னிலேருந்து மேஜைக்கு செங்கல்லு, எனக்கு டிக்‌ஷனரி.

மசில்னா என்னங்கறீங்க? குட்டி எலி. கைய மடக்குனா தோலுக்குள்ள எலி ஓடற மாதிரி தெரிஞ்சுதாம். ஜிம்முக்குப் போறவன் பூரா எலி வளக்கறான். நைஸ்னா ஆதில ஒண்ணும் தெரியாதவன். எங்க டாக்டரம்மா நா போடற ஒவ்வொரு கட்டையும் பாத்து நைஸ், வெரி நைஸ்ம்பாங்க. நானும் தேங்க்ஸ் மேடம்பேன்.

ஆபீசருக்குப் பாத்தப்பத்தான் சார், குடிச்ச டீ பொறையேறிடுச்சு. வேர்ல ரெண்டே சொல்லு. ஒண்ணு வேலை, இன்னொண்ணு செய்யறது. ஆபீசர்னா வேலை செய்யறவன்! நம்ம லிப்ட்காரர எழுப்பிச் சொன்னேன். யோவ், ராத்திரில பொய் சொல்லாதய்யான்னுட்டாரு.

சிரிக்க மாட்டேங்கறீங்க. சரி, மாவுத் துணியத் தண்ணில முக்கறேன், கொமிழி அடங்கணும். இப்ப வைக்கறேன். கொஞ்ச நேரத்துல சூடா இருக்கும், மாவு இறுகறப்ப அப்டித்தான், பயந்துடாதீங்க.

வில்லன் கேட்டிருக்கீங்களா? பண்ணைல ஒழைக்கறவன், அவ்வளவுதான் அர்த்தம். எவன் சொத்தையும் அவன் கொள்ளையடிக்கல. மாளிகைல ஒக்காந்து சாப்ட்டவங்க, சேத்துல நின்னவன மூக்கப் பொத்திக்கிட்டு அப்டிக் கூப்ட்டுக் கூப்ட்டு, கடைசில அவன் கெட்டவனாயிட்டான். பேரு வைக்கற உரிமை யாருகிட்ட இருக்கோ அவங்க வச்சதுதான் சார். உங்க கடுதாசிலயும் எங்களுக்கு ஒரு பேரு வச்சிருந்தீங்களே. உபரி.

ஆமா, அந்தக் கடுதாசிதான். பதினோரு பேருக்குக் குடுத்தது. என் சொந்த விருப்பத்துல வேலைய விட்டுப் போறேன், பிற்பாடு கேள்வி கேக்க மாட்டேன், அப்டின்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரணும், பதினஞ்சு நாள் கெடு, இன்னிக்கு சாயங்காலம் முடியுது. கையெழுத்துப் போட்டவன அனுப்பலாம், போடாதவன அனுப்ப சட்டத்துல எடமில்ல. ஸ்ட்ரெச்சர்ல வரப்பகூட போன்ல கத்திட்டிருந்தீங்களே, யாருய்யா இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது, ஒரே ஒரு பேப்பர்தான்யா வந்திருக்குன்னு.

நாந்தான் சார் சொல்லிக் குடுத்தேன்.

எந்திரிக்காதீங்க, பாதம் கோணிக்கும். பொய்யெல்லாம் சொல்லல. தொடைக்கற அக்கா, லிப்ட்காரரு, சலவைல இருக்கற அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒவ்வொருத்தரா ராத்திரில இங்க கொண்டு வந்தாங்க. இதே ஸ்டூல்ல ஒக்கார வச்சு, முழுசா, ஒரு வரி விடாம படிச்சேன். சம்பள உயர்வுன்னு நெனச்சு முட்டாய் வாங்கிட்டு வந்தாங்க சார் அந்த அக்கா. மூணாவது பாராவுக்கு அர்த்தம் சொன்னதும் பொட்டலத்த மட்டும் என் பக்கம் தள்ளி வச்சுட்டுப் போயிட்டாங்க. பத்து பேருக்கும் படிச்சேன். பத்து பேரும் போடல.

அந்த ஒருத்தனா? பேரப் பாத்திருப்பீங்க, மொகம் ஞாபகம் இருக்காது. அன்னிக்கு உங்க ரூம் வாசல்ல வரிசையா நின்னோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டீங்க, படிக்கத் தெரியுமா, இல்ல யாருகிட்டயாவது குடுத்துப் படிச்சுட்டு வரியான்னு. மத்தவங்கல்லாம் வெக்கப்படாம, படிச்சுட்டு வரேன் சார்னு மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இவன் மட்டும், நல்லா தெரியும் சார்னு சொல்லி உங்க பேனாவையே வாங்குனான். ரெண்டாவது வரில வாலன்டரின்னு ஒரு வார்த்தை. ஆகா, இது மனசு, விருப்பம்ங்கற லத்தீன்லேருந்துல்ல வருதுன்னு அதுலயே சொக்கிப்போயி, மூணாவது பாராப் பக்கமே போகல. நின்ன எடத்துலயே, சுழிச்சு, அடில கோடெல்லாம் இழுத்து, இங்கிலீஷ்ல போட்டான் கையெழுத்த. நீங்ககூட நிமிந்து பாத்தீங்க. அந்த ஒரு பார்வைக்காகத்தான் போட்டதே.

மறுநா ராத்திரி லிப்ட்காரர் கடுதாசியப் படிக்கறப்பத்தான் சார் எனக்கே என்னோடது புரிஞ்சுச்சு.

அந்தப் பேப்பர் இன்னும் உங்க மேஜைலதான் இருக்குமா, மேல போயிடுச்சா? இல்ல, சும்மா கேட்டேன். வீட்ல இன்னும் சொல்லல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.