கஜானா காவலுக்குத் தகுதியற்றவர்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ் செஞ்சியில் நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் பந்தோபஸ்துக்குப் போகும் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ஒல்லியானவர் மீசைக்காரரிடம் கேட்டார்:

"எனக்கு மூலம்னு ஏட்டையாகிட்ட நீதானே சொன்னே?"

"ஆமா, நான்தான்."

"எனக்கு ஏதுடா மூலம்? ஸ்டேஷனே சிரிக்குது. கஜானா காவல்லேந்து எடுத்துட்டாங்க."

"அதுக்குத்தான் சொன்னேன். துப்பாக்கியோட ஒண்டியா நிக்கற டூட்டி அது. பொண்டாட்டி போனப்புறம் நான் எதுக்கு இருக்கணும்னு போன வாரம் கேட்டியா இல்லியா?"

"ஏதோ வாய்ல வந்துச்சு."

"அதை அப்பிடியே ஏட்டையாகிட்ட சொன்னா உன் வேலை போயிடும். மூலம்னா சிரிச்சிட்டு வுட்டுடுவாங்க."

கணக்கு சரிதான். மூலத்துக்கு மருத்துவ விடுப்பு உண்டு, இலகுவான பணியும் உண்டு. சாகும் நினைப்புக்கு இருப்பது 'தகுதியற்றவர்' என்ற முத்திரை மட்டும்.

பஸ் கிளம்பியது. மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நெசமா சொல்லு. சாவற நெனப்பு இன்னும் வருதா?"

ஒல்லியானவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வருது. வூட்ல தனியா இருந்தா வருது."

"அப்ப இன்னிலேந்து எங்க வூட்டுக்கு வந்துடு."

"உன் சம்சாரம் இன்னா சொல்லும்?"

"அதுகிட்டயும் மூலம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு நல்லதுன்னு தெனம் கருணைக்கிழங்குதான் போடும். பேசாம தின்னு."

ஒல்லியானவர் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளைக்குடா?"

"அதை நீ கேக்காதே. நான் போன்னு சொல்றப்ப போனா போதும்."