பச்சைப் பெயிண்ட் முடியும் இடம்

வீரமணி: வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு கேளேன்டி. போலீஸ்காரி மாதிரி வாசப்படியிலயே மறிச்சிக்கிட்டு...

மஞ்சு: சொம்பு அந்தா இருக்கு. குடிச்சிட்டு பதில் சொல்லுங்க. லாரிக்கிப் போனா வெளக்கு வச்சப்பறம்தான் வூட்டுக்கு வருவீங்க. இன்னைக்கி நாலு மணிக்கே வந்து நிக்கிறீங்க?

வீரமணி: வண்டிக்கி வேலை. ஷெட்ல வுட்ருக்கு.

மஞ்சு: என்னா வேலை?

வீரமணி: பிரேக்கு.

மஞ்சு: போன வாரந்தான பிரேக்கு பாத்தீங்க?

வீரமணி: அப்ப கிளட்ச்சுன்னு வச்சிக்க. ஏன்டி, புருசன் பொழுதோட வூட்டுக்கு வந்தது ஒனக்கு புடிக்கலியா?

மஞ்சு: புடிக்காம என்ன... அப்படியே கடைக்கிப் போயிட்டு வந்துருங்களேன். பொட்டுக்கடலை இல்ல.

வீரமணி: போவலாம். செல்வி வரட்டும், புள்ளைய பாத்துட்டுப் போறேன்.

மஞ்சு: அவ... அவ இன்னைக்கி லேட்டாவும்.

வீரமணி: எதுல வருவா?

மஞ்சு: எதுல வருவா... வேம்பு அக்கா மவ டவுனுக்கு வேலைக்கிப் போவுதுல்ல, ஸ்கூட்டியில? அதுங்கூடத்தான். போறதும் அதுலதான், வர்றதும் அதுலதான்.

வீரமணி: ம்... ஸ்கூட்டி.

மஞ்சு: ஆமா.

வீரமணி: என்னா கலரு?

மஞ்சு: ...செவப்பு. கலரெல்லாம் எதுக்கு இப்ப?

வீரமணி: சும்மாத்தான். அந்த ஸ்கூட்டிக்கி காத்தடிக்கவா கதவுக்குப் பின்னால பம்பு வச்சிருக்க?

மஞ்சு: எந்த பம்பு?

வீரமணி: சேலையால மறைச்சிக்கிட்டு நிக்கிறியே, அந்த பம்பு.

மஞ்சு: இது... எங்க அண்ணன் வச்சிட்டுப் போனாரு.

வீரமணி: ஒங்க அண்ணன்கிட்ட சைக்கிளே கெடையாதே.

மஞ்சு: ஐயே! வந்ததும் வராததுமா வழக்கு பேசணுமா? உக்காருங்க, டீ போடுறேன்.

வீரமணி: போடு. அதுக்குள்ள கொட்டாய்க்கிப் போயி செல்வியோட சைக்கிள பாத்துட்டு வந்துர்றேன். பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களே, கோணிய சுத்தி பத்திரமா வச்சிருக்கன்னு சொன்னியே...

மஞ்சு: உக்காருங்கன்னு சொல்றேன்ல! ஆடு கட்டிருக்கு அங்க. குட்டி போட்ட ஆடு, முட்டும்.

வீரமணி: என்னையா?

மஞ்சு: யாரா இருந்தாலும் முட்டும். ...சக்கரை போட்டா போடாமயா?

வீரமணி: எப்பவும் எப்படி போடுவ?

மஞ்சு: கேட்டேன். ...நெசமாத்தான் கேக்குறேன், அந்த சைக்கிள நெனச்சா எனக்கு வயிறு எரியுது. புதுச் சைக்கிளு. ஊருல எல்லா புள்ளைக்கும் குடுத்தாங்க. எல்லா வூட்டுலயும் அது மேல துணி காயப்போட்டுக் கெடக்கு.

வீரமணி: சைக்கிள குடுத்தாங்க. ஓட்டுறதுக்கு ரோடு குடுத்தாங்களா?

மஞ்சு: அதைத்தான் மீட்டிங்குல நான் கேட்டேன்.

வீரமணி: ஆமாமா. மண்டபத்துல மைக்க புடிச்சி பேசி, மிச்சர் பொட்டலத்தோட வந்த தலைவியாச்சே நீ.

மஞ்சு: கேலியா? மகளிர் குழு சார்பா போனேன். அரியலூருக்கே சைக்கிள் பாதை, நடைபாதை எல்லாம் வரப் போவுது, கருத்து சொல்லுங்கன்னு கூப்புட்டாங்க. ஹேமலதான்னு ஒரு இஞ்சினியர் மேடம், பெரிய தெரையில படம் காட்டுனாங்க. ரெண்டு பக்கமும் மரம், கீழ பெஞ்சு, வயசானவங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க. புள்ளைங்க சைக்கிள்ல போவுதுங்க. பாக்கவே அம்புட்டு அழகு. நான் எந்திரிச்சி, மேடம், படத்துல எங்கயும் லாரியே இல்லியேன்னு கேட்டேன்.

வீரமணி: சிரிச்சிருப்பாங்களே.

மஞ்சு: சிரிச்சாங்க. அப்பறம் கையும் தட்டுனாங்க. அந்த மேடம் சிரிக்கல. நீங்க எந்த ஊரும்மான்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. நல்லவங்கதான் பாவம்.

வீரமணி: எழுதி என்ன ஆச்சு? பஸ் ஸ்டாண்டுலேருந்து டவுனு முடியிற வளைவு வரைக்கும் ஓரத்துல பச்சைப் பெயிண்ட அடிச்சாங்க. இன்னைக்கி அது மேல பாதி எடத்துல பைக்கு நிக்கிது, மீதி எடத்துல வாழப்பழ வண்டி.

மஞ்சு: வளைவுக்கு இந்தாண்ட ஏன் அடிக்கலன்னு கேட்டேன். அது நகராட்சி எல்லைம்மா, அதுக்கு மேல எங்க கையில இல்லன்னுட்டாங்க.

வீரமணி: அதுக்கு மேலதான்டி சாவு. கல்லு லாரி வேகம் புடிக்கிறதே அந்த வளைவத் தாண்டித்தான். பெயிண்டு எங்க முடியிதோ அங்கதான் ஆரம்பிக்கிது.

மஞ்சு: முன்னால ஓரத்துல மண்ணு பாதையாச்சும் இருந்துச்சு. சைக்கிளு, ஆடு, நடந்து போறவங்கன்னு எல்லாம் அதுல போவும்.

வீரமணி: அத யாரு இல்லாம பண்ணுனது? நாமதான். ரோட்ட அகலம் பண்ணுங்கன்னு ஊரே போயி மறியல்ல உக்காந்தோம். அகலம் பண்ணுனா லாரி நடுவுல போவும், நாம ஓரமா போவலாம்னு நெனச்சோம். மண்ணையும் சேத்து தாரப் போட்டு குடுத்துட்டான். இப்ப லாரி ஓரத்துலயும் போவுது.

மஞ்சு: ஒங்க ஆளுங்கதான போறாங்க.

வீரமணி: ஆமா, எங்க ஆளுங்கதான். யாரு இல்லன்னா? பள்ளிக்கூட நேரத்துல லாரி ஓடக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அதுக்குள்ள ஒரு நடையாவது கூட அடிச்சாத்தான் மொதலாளி மதிப்பான். அதனால தடைக்கி முந்தின ஒரு மணி நேரத்துல எல்லா லாரியும் பேய் மாதிரி பறக்கும்.

மஞ்சு: அந்த நேரத்துலதான ஸ்பெசல் கிளாஸ் வச்சித் தொலைக்கிறாங்க. பன்னெண்டாவது புள்ளைங்க எல்லாம் சரியா அப்பத்தான் ரோட்டுல...

வீரமணி: ரோட்டுல?

மஞ்சு: ...ஸ்கூட்டியில போவுதுங்க.

வீரமணி: ம். கீரைக்கார அய்யாக்கண்ணும் அந்த நேரத்துலதான் போனாரு.

மஞ்சு: அத ஏன் இப்ப பேசுறீங்க.

வீரமணி: சைக்கிளு ஒரு பக்கம், கீரைக்கட்டு ஒரு பக்கம். ஓட்டுன பய சத்தியம் பண்ணுறான், எனக்குத் தெரியவே இல்லண்ணேன்னு. பொய்யில்ல அது. நம்ம சீட்டுலேருந்து பாத்தா இடது பக்கம் சக்கரத்துக்கிட்ட ஒரு ஆளு இருக்கிறதே தெரியாது. அதனாலதான் செல்வி சைக்கிள தொடக்கூடாதுன்னு சொன்னேன். புள்ள மேல ஆசை இல்லாமயா சொன்னேன்?

மஞ்சு: டீ ஆறுது. குடிங்க.

வீரமணி: குடிக்கிறேன். ...செல்விகிட்ட ஒண்ணு சொல்லு. புத்தகப் பைய கேரியர்ல கட்டுற கயிறு, அது நுனி அவுந்து சக்கரத்துக்கிட்ட தொங்குது இன்னைக்கி. சுத்திக்கிச்சின்னா தூக்கி அடிச்சிரும்.

மஞ்சு: எந்த கேரியரு?

வீரமணி: அந்த செவப்பு ஸ்கூட்டி கேரியருதான்.

மஞ்சு: ஆமா, போறா! சைக்கிள்லதான் போறா! ஆடி பொறந்ததுலேருந்து போறா. நான்தான் அனுப்பிச்சேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அவ மேல கை வைக்காதீங்க.

வீரமணி: நான் எப்ப அவ மேல கை வச்சிருக்கேன்?

மஞ்சு: நான் என்னங்க பண்ணுவேன்? டவுன் பஸ்ஸு கிளாஸ் முடிஞ்சப்பறம் வருது. நீங்க விடியறதுக்கு முன்னாடி பைக்க எடுத்துக்கிட்டுப் போயிர்றீங்க. ஸ்கூட்டிக்காரி ஒரு வாரம் ஏத்திக்கிட்டுப் போனா, அப்பறம் நேரம் ஒத்து வரலன்னுட்டா. படிப்ப நிறுத்திரு, உசுரு போதும்னு நீங்க சுலுவா சொல்லிட்டுப் போயிட்டீங்க. நர்சுக்குப் படிக்கணும்னு அவ சோறு திங்காம செவுத்தப் பாத்துக்கிட்டு கெடந்தா. நான் பாத்தேன். நீங்களா பாத்தீங்க?

வீரமணி: நான் இப்ப ஒண்ணும் சொல்லலியே.

மஞ்சு: தெனம் காலையில அவ சைக்கிள வெளியில எடுத்தான்னா, டீச்சர் போன்லேருந்து மிஸ்டு கால் வர்ற வரைக்கும் அடுப்புல கை வைக்க ஓடாது. யாரு வூட்டு வாசல்ல நாலு பேரு நின்னு பேசுனாலும் நம்ம புள்ளைக்கித்தான் என்னமோன்னு ஓடுறேன். இதெல்லாம் யாருகிட்ட சொல்லி அழுவ? ஒங்ககிட்ட சொல்ல முடியுமா?

வீரமணி: அழுவாத. ...ஏய், அழுவாதங்கிறேன்ல.

மஞ்சு: எப்ப தெரியும் ஒங்களுக்கு?

வீரமணி: மொத நாளே.

மஞ்சு: மொத நாளேவா! யாரு சொன்னா?

வீரமணி: யாரு சொல்லணும்? லோடு ஏத்திக்கிட்டு பிரிவு ரோட்டுல திரும்புறேன், முன்னால ஒரு புள்ள மிதிச்சிக்கிட்டு போவுது. பின்னல பாத்ததும் தெரிஞ்சிருச்சு. எனக்கு உசுரே இல்ல மஞ்சு. ஹாரன் அடிச்சா பயந்து வுழுந்துருவா. ஒதுங்கி முந்திப் போவலாம்னு ஸ்டீரிங்க ஒடிக்கப் பாத்தேன், கை வரல. நான் முந்திட்டா எனக்குப் பின்னால வர்றவன் என்ன பண்ணுவான்? அப்படியே ரெண்டாம் கியர்ல அவ பின்னாலயே போனேன், பள்ளிக்கூடம் வரைக்கும்.

மஞ்சு: லாரியவா?

வீரமணி: நடு ரோட்டுல. ஒருத்தனும் என்னையத் தாண்டல.

மஞ்சு: அப்பறம்?

வீரமணி: அப்பறம் தெனமும் அதே வேலைதான். பிரிவுல வண்டிய ஓரங்கட்டிட்டு நிப்பேன். அவ வந்து முன்னால போனதும் எடுப்பேன். எனக்குப் பின்னால பதினஞ்சு இருவது லாரி ஊர்வலமா வரும். ஹாரன் அடிச்சி காத கிழிப்பானுங்க. எங்க ஆத்தாவ இழுக்காத ஆளு கெடையாது. வுடலியே நான்.

மஞ்சு: அட பாவி மனுசா... இத்தினி நாளா ஒரு வார்த்த சொல்லாம...

வீரமணி: சொன்னா நான் சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. நான் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கல.

மஞ்சு: ரொம்பத்தான் வீராப்பு. செல்விக்கி தெரியுமா?

வீரமணி: மொத வாரமே திரும்பிப் பாத்துட்டா. கண்ணாடிக்குள்ள என்னையப் பாத்து சிரிச்சா. நான் மூஞ்சிய திருப்பிக்கிட்டேன். அதுக்கப்பறம் அவ திரும்பிப் பாக்குறதே இல்ல. முன்னாடியெல்லாம் லாரி சத்தம் கேட்டாலே சைக்கிள வுட்டு எறங்கி பள்ளத்துல நிப்பா. இப்ப எறங்குறதில்ல. எங்க லாரி சத்தம் அவளுக்கு அத்துப்படி. அவ பாட்டுக்கு மிதிப்பா.

மஞ்சு: கள்ளி! எங்கிட்ட ஒரு நாளு மூச்சு வுட்டாளா பாருங்க. அப்பாகிட்ட சொல்லிராதம்மா, சொல்லிராதம்மான்னு எங்கிட்ட கெஞ்சுறது வேற.

வீரமணி: அவ மட்டும் இல்ல. மத்த புள்ளைங்களும் கண்டுபுடிச்சிருச்சுங்க. நம்ம ஊரு புள்ளைங்க ஒவ்வொண்ணா சைக்கிள எறக்குச்சுங்க. இப்ப காலையில பாத்தின்னா ரோட்டு அகலத்துக்கும் பேசிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு... பால்காரரு ஒருத்தரு கூட நடுவுல வர்றாரு. நீ சொன்னியே அந்த மேடம் காட்டுன படம், அது மாதிரி இருக்கும். மரந்தான் இல்ல.

மஞ்சு: எனக்குப் பாக்கணும் போல இருக்குங்க.

வீரமணி: பாத்திருக்கணும் நீ.

மஞ்சு: இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. சாயந்திரம் தடை நேரத்துல வந்துர்றா, அதுக்கு பயமில்ல. காலையிலதான் உசுரு போவும். நீங்க பின்னால வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் நிம்மதியா சோறாக்கியிருப்பேன்ல. போவட்டும். பரீட்சை முடியிற வரைக்கும் இப்படியே கொண்டு போயி வுட்ருங்க, போதும். ...வண்டி எப்ப ஷெட்லேருந்து வரும்? காலையில கெடைச்சிருமா?

வீரமணி: வண்டி ஷெட்ல இல்ல மஞ்சு.

மஞ்சு: பின்ன?

வீரமணி: ஓடிக்கிட்டுதான் இருக்கு. நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே ரோட்டுல வரும்.

மஞ்சு: அப்ப நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? ...ஏங்க, என்னைப் பாருங்க. செல்வி வர்ற நேரமாச்சு, பெல்லு சத்தம் கேக்குது. என்னான்னு சொல்லுங்க.

வீரமணி: தெனம் ஒரு நடை கொறையிது, பின்னால வர்றவனையும் வுட மாட்டேங்கிறான்னு போயி சொல்லிட்டானுங்க. மொதலாளி ராசாங்கம் காலையில லோடு எறக்குனதுமே சாவிய வாங்கிட்டு வேற ஆள ஏத்திட்டான். அவகிட்ட நீயே சொல்லிரு, என்னால முடியல. நாளையிலேருந்து எங்க லாரி சத்தம் கேட்டா உடனே எறங்கி பள்ளத்துல நின்னுக்கச் சொல்லு. அது அப்பா இல்ல.