எந்திரின்னு சொல்ற வரைக்கும்

இல்லீங்க தம்பி, எங்க ஊட்டுக்காரரு போன்ல சொன்னத வெச்சு முடிவு பண்ணாதீங்க. சொன்ன பேச்சு கேக்காத நாயின்னுதான் சொல்லியிருப்பாரு. நீங்களே பாருங்க. தொரை, உக்காரு. பாத்தீங்ளா? படு. ம், அவ்வளவுதான். இனி நீங்க என்ன பண்ணுனாலும் அந்த எடத்த உட்டு நகராது. கூட்டிட்டுப் போகக் கயிறெல்லாம் அப்பறம் கட்டிக்கலாம், மொதல்ல அந்தக் கல்லு மேல உக்காருங்க. காளப்பநாயக்கன்பட்டியில இருந்து அத்தன வளைவு ஏறி வந்திருக்கீங்க, இந்த வரக்காப்பியக் குடிங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவரு மாத்தரை போட்டுட்டு உள்ள படுத்திருக்காரு.

பேரா? தொரைங்க. குட்டியிலயே அப்படித்தான். வான்னா வராது, போன்னா போகாது, சோத்த வெச்சா நாம தள்ளிப் போனாத்தான் திங்கும். இவன் பெரிய தொரை, இவங்கிட்டப் பேச மனுப் போடோணும்னு அவருதான் பேரு வெச்சாரு. ஆனா அவருன்னா மட்டும் உசுரு. அவரு காட்டுக்குப் போனா காட்டுல இருக்கும், ஊட்டுல இருந்தா கட்டிலுக்கடியில கெடக்கும். என்னைய ஒரு ஆளாவே மதிக்காது. பக்கத்துக் காட்டு மாணிக்கம் ஊட்டுக் கோழியக் கவ்வியாந்து என் காலடியிலயே போட்டுட்டு, என்னடி பண்ணுவேங்கற மாதிரி மூஞ்சியப் பாக்கும். சோறு போடறவ நானு, எனக்கு ரோசம் வராதுங்களா?

எம் மக கோகிலா நாமக்கல்லுல நர்சுக்குப் படிக்கிறா. அவதான் போன்ல வீடியோவா அனுப்பி, இப்படிப் பழக்கும்மான்னா. நீங்களும் கேட்டுக்கங்க, எந்த நாய் வாங்குனாலும் ஆகும். அடிக்கவே கூடாதுங்க. மொரட்டு நாய அடிச்சா இன்னும் மொரண்டு புடிக்கும். குச்சிக்கெழங்கு வேக வெச்சது ஒரு துண்டு, இல்லாட்டி ஒரு கருவாட்டுத் தல, மூக்குக்கு நேரா காட்டி ஒசக்கத் தூக்குனீங்கன்னா, மூஞ்சி மேல போகப் போக பின்னாடி தானா தரையில உக்காந்துரும். அப்ப உக்காருன்னு ஒரே தடவ சொல்லோணும். பத்துத் தடவ சொன்னா, பத்தாவது தடவைக்குத்தான் உக்காரோணும்னு அது நெனச்சுக்கும். அதே கருவாட்டத் தரைக்குக் கொண்டு போனா படுத்துக்கும்.

இதெல்லாம் சுளுவுங்க. படுத்தது படுத்த மாதிரியே கெடக்கறதுதான் கஷ்டம். கோகிலா கண்டிசனாச் சொன்னா. படுக்க வெச்சவங்கதாம்மா எழுப்போணும், அதா எந்திரிச்சா மறுக்காவும் படுக்க வெய்யி, எந்திரின்னு நீ சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, இல்லாட்டி அது உன்னைய எப்பவுமே மதிக்காதுன்னா. ரெண்டு மாசங்க. காலையிலயும் சாயங்காலமும் இந்த வாசல்ல நானும் அதுவும் மல்லுக்கட்டுவோம். அவரு வாசப்படியில உக்காந்துக்கிட்டு, நாயிக்கு நீ பழக்கிக் குடுக்கறயா, உனக்கு அது பழக்கிக் குடுக்குதான்னு கேட்டுச் சிரிப்பாரு. கெழங்கு கையில இருந்தா படுக்கும். இல்லீன்னா ஒரு பார்வ பாத்துட்டு அவரு பின்னால போயிரும். ஒரு நாளைக்காச்சும் இவரு முன்னால இத அசையாமப் படுக்க வெச்சுக் காட்டோணும்னு எனக்குள்ள ஒரு வெறியாவே ஆயிப்போச்சுங்க.

அவரு காலப் பாத்திருப்பீங்களே, உள்ள எட்டிப் பாத்தப்ப. ஆமாங்க, முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க.

போன மாசியில, மொளகு பறிக்கையில. எங்க மொளகுக் காடு ஓடைக்கு அக்கட்டால பள்ளத்துல இருக்குது. சில்வர் ஓக்கு மரத்துல ஒத்த மூங்கில் ஏணிய சாத்தி ஏறுனாரு. ஏணி சறுக்கி, கீழ பாற மேல உளுந்துட்டாரு. தொடை எலும்பு முறிஞ்சு, ரத்தக்குழாயி நசுங்கிப் போச்சு. அந்தப் பள்ளத்துல டவரும் கெடைக்காது, கூப்பிட்டாலும் ஓடைச் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது. காத்தால ஒம்பது மணி இருக்குமாம் உளுந்தப்ப. நாங்க போயிப் பாக்கையில ஒண்ணரை மணி. மாணிக்கமும் இன்னும் மூணு பேரும் போர்வையில தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கியாந்து, வண்டி வந்து, எழுவது வளைவும் எறங்கி காரவள்ளி தாண்டி சேலம் போய்ச் சேரும்போது பொழுதெறங்கற நேரமாயிருச்சு. டாக்டரு நல்ல மனுசன். தன்மையாத்தான் சொன்னாரு. காலுக்கு ரத்தம் போகாம ரொம்ப நேரம் இருந்திருச்சும்மா, ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாம்னாரு.

தொரையா? அது அவருகூடத்தான் இருந்துச்சு. அங்கதாங்க வருது வம்பு. உளுந்தவொடனே அவரு சொல்லியிருக்காரு, தொரை, ஊட்டுக்குப் போ சாமி, அம்மாவக் கூட்டியான்னு. சொன்னது வெளங்குன மாதிரி ஒரே ஓட்டமா ஓடுச்சாம். ஓடுனது ஓடுனதுதான், திரும்பியே வரலயாம். அந்த வலியிலயும் மேட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்திருக்காரு. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததும் மொதல் பேச்சா, தொரை ஊட்டுக்கு வந்துச்சான்னு கேட்டாருங்க.

பாக்கலீங்களேன்னுட்டேன்.

அதுல இருந்து அவரு அதக் கிட்ட அண்ட உடறதில்ல. நன்றி கெட்ட நாயி, எந்தக் கோழியத் தொரத்தப் போச்சோன்னுதான் வாரவங்க எல்லாத்துகிட்டயும் சொல்றாரு. அது வாசப்படிக்கு வந்து நின்னா செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாரு. அதுவும் படி தாண்டாது. அவரு மூச்சு உடறது கேக்கற தூரத்துல படுத்துக்கிட்டுக் கெடக்கும். அதப் பாக்கச் சகிக்காமத்தான் உங்களுக்குப் போன் போட்டிருக்காரு. போடுங்கன்னு சொன்னவளும் நாந்தானுங்க. அது ஊட்டுல இருந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

எங்க போச்சுன்னுதானே கேக்கறீங்க? எங்கயும் போகலீங்க தம்பி. இங்கதான் வந்துச்சு. இப்ப படுத்திருக்குதே, இதே எடம்.

அன்னிக்கு இந்த வாசல்லதான் பாய் போட்டு மொளகு காயப் போட்டுட்டு இருந்தேன். ஓடைத் தண்ணியில நனைஞ்ச காலோட ஓடியாந்து, மொளகு மேலயே ஏறி மிதிச்சு எல்லாத்தையும் எறச்சு உட்டுருச்சு. கொலைக்குது, என் முந்தானையக் கவ்வி இழுக்குது, பள்ளத்துப் பாதைக்கும் எனக்குமா ஓடுது. எனக்குக் கோவம் கண்ண மறச்சிருச்சு. ஆனாலும் அடிக்கலீங்க. மக சொன்ன மாதிரி, வெரல நீட்டி ஒரே தடவ சொன்னேன். தொரை, படு.

படுத்துருச்சுங்க.

கையில கெழங்கு இல்ல, கருவாடு இல்ல. வெறும் என் வாய்ச் சொல்லுக்கு அது படுத்தது அதுதான் மொத தடவ. ஒடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்குது, கண்ணு ரெண்டும் பள்ளத்துப் பாதையிலயே இருக்குது, ஆனா எந்திரிக்கல. எனக்கு வந்த பெருமைய இப்ப நெனச்சாலும் கேவலமா இருக்குது. ஓடிப் போயி போன எடுத்தாந்து வீடியோ புடிச்சேன், மத்தியானம் அவரு சாப்பிட வந்தா காட்டோணும்னு. கோகிலாவுக்கு அனுப்புனேன். அவ கை தட்டற பொம்ம அனுப்புனா. இந்தாங்க, பாருங்க. நேரம் கீழ போட்டிருக்குது, ஒம்பது நாப்பது. இத அழிக்கறதுக்கு எத்தன தடவையோ எடுத்துட்டேன், அழிக்கவும் வரல, காட்டவும் வரல. உங்களுக்குத்தான் மொதல்ல காட்டறேன். நீங்க யாரோ எவரோ.

அப்பறம் நான் மொளகப் பொறுக்கிக் கூட்டுனேன், தண்ணிக்குப் போனேன், சோறு ஆக்குனேன். ஒரு மணிக்கும் அவரு வரலயேன்னு வெளிய வந்து பாத்தா, உச்சி வெயில்ல அதே எடத்துல படுத்திருக்குது. நாக்கு வெளிய தொங்குது. அப்பத்தான் அது எதுக்கு ஓடியாந்துச்சுன்னு வெளங்கி, மாணிக்கத்தக் கூப்பிட்டுக்கிட்டுப் பள்ளத்துக்கு ஓடுனேன். அதுவரைக்கும் எந்திரின்னு நான் சொல்லவே இல்லீங்க. மறந்தே போயிட்டேன். அவரு ஒரு சொல்லு சொன்னாரு, அதுக்கு ஓடியாந்துச்சு. நான் ஒரு சொல்லு சொன்னேன், அதுக்குப் படுத்துச்சு. ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுது. பேரு கெட்டது அதுக்கு, பொய் சொன்ன நான் மூணு வேளையும் அவருக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு நல்ல பொண்டாட்டின்னு பேரு வாங்கிட்டு இருக்கேன்.

இழுக்காதீங்க தம்பி, வராது. கழுத்து அறுந்தாலும் வராது. நாந்தான் சொல்லோணும். சொன்னா உங்க வண்டிக்கும் வராதுங்க. நேரா அந்த வாசப்படிக்கு, அவருகிட்டத்தான் போகும். பின்னாடியே இந்தப் போனோட நானும் உள்ள போகோணும். அதுக்குத்தான் இத்தன நேரம் உங்களப் புடிச்சு வெச்சுப் பேசிட்டு இருக்கேன்.

கயித்த அவுத்துருங்க. அவ்வளவு தூரம் வந்தவர வெறுங்கையா அனுப்பறேன், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் வழிய உட்டுத் தள்ளி நில்லுங்க.

தொரை. எந்திரி சாமி.