சிக்னலில் மட்டும் நிற்கும் வண்டி

மெக்கானிக்: …அதான் கேக்கறேன் சார், முள்ளு விழுந்த அப்புறம் வண்டி நின்னுச்சா, நின்ன அப்புறம் முள்ளு விழுந்துச்சா?

அப்பா: ஆயில் பிரஷர் முள்ளு காலையிலேர்ந்தே படுத்துக் கிடந்துது. வண்டி நின்னது சாயங்காலம்.

மகள்: பழைய வண்டிண்ணே. இனிமே ஓட்டாதீங்கன்னு சொல்லிடுங்களேன்.

அப்பா: டாக்டர் வாயைத் திறக்கல, அதுக்குள்ள இவ அழ ஆரம்பிச்சுட்டா.

மெக்கானிக்: ஆயில் மட்டம் சரியா இருக்கு. என் மீட்டரை இன்ஜின்லயே நேரா மாட்டிப் பாத்தேன். பிரஷர் ஜம்முனு இருக்கு.

மகள்: சூடானா இறங்குமே…

மெக்கானிக்: சூடாக்கித்தான் பாத்தேன். முள்ளுதான் பொய் சொல்லுது.

மகள்: ஒருவேளை உங்க மீட்டர்…

மெக்கானிக்: என்னை என்ன வேணா சொல்லுங்க, என் மீட்டரைச் சொல்லாதீங்கம்மா.

அப்பா: அப்ப ஏன்யா நிக்குது?

மெக்கானிக்: பிளக், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் பாத்தாச்சு. ஊரையே சுத்தி வந்தேன். எனக்கு ஒரு தடவைகூட நிக்கல.

அப்பா: உன்கிட்ட அதுக்குப் பயம்.

மெக்கானிக்: மேட்டுல நின்னுச்சா?

அப்பா: இல்ல.

மெக்கானிக்: நேர் ரோட்டுல?

அப்பா: …சிக்னல்ல மட்டும்தான்.

மகள்: பாத்தீங்களா! யார் யாரோ வந்து தள்ளி ஓரமா விட்டிருக்காங்க. உள்ள பாப்பா உக்காந்திருக்கா. இதை நம்பி எப்படிண்ணே ஸ்கூலுக்கு அனுப்பறது? நானே பஸ்ல கூட்டிட்டுப் போறேன்.

அப்பா: உன் வேலை என்னாகறது? பேத்தியைக் கூட்டிட்டு வரக்கூட ஆகலன்னா நான் எதுக்கு இருக்கேன்?

மெக்கானிக்: ஒரு நிமிஷம். முள்ளு விஷயத்தை முடிச்சுடறேன். இன்ஜின்லேர்ந்து அதுக்கு ஒரு ஒயர் வருது. யாரோ அது முனையில டேப் சுத்தி, மறுபடி மாட்டியிருக்காங்க. கரன்ட் போகாது, முள்ளு எழுந்திருக்காது.

அப்பா: யாரோன்னா? உன் பட்டறையைத் தவிர இது வேற எங்கயும் போகாதே.

மெக்கானிக்: என்கிட்ட இருக்கறது கறுப்பு டேப். இதுல பூனைக்குட்டி படம் போட்டிருக்கு.

அப்பா: …அது பாப்பா நோட்டுல ஒட்டறதாச்சே. ஏம்மா, நீயா?

மகள்: போன தடவை அண்ணன்தான் காட்டினாரு… இந்த ஒயர் கழண்டா முள்ளு விழும்னு.

மெக்கானிக்: அடக் கடவுளே! அது பயப்படாம இருக்கறதுக்காகச் சொன்னதும்மா!

அப்பா: நீ இருய்யா. ஏம்மா இப்படிப் பண்ணே?

மகள்: அன்னிக்குக் கேட்டை இடிச்சீங்க. அப்புறம் அந்த சைக்கிள்காரர் மயிரிழையில தப்பிச்சாரு. எனக்குத் தூக்கமே வரலப்பா. உங்ககிட்ட நேரா சொன்னா உடைஞ்சு போயிடுவீங்க. அதான்… பழியை வண்டி மேல போட்டுடலாம்னு…

மெக்கானிக்: சரி விடுங்க சார், பொண்ணு பயத்துல பண்ணிடுச்சு. ஆனா ஒரு டேப்புக்கெல்லாம் வண்டி நிக்காதே. அதுவும் உங்க கைவரிசைதானாம்மா?

மகள்: சத்தியமா இல்ல! பாப்பா உள்ள இருக்கும்போது செய்வேனா?

மெக்கானிக்: அப்ப வண்டி இங்கயே கிடக்கட்டும். கார்புரேட்டரை இறக்கி, முழுசாப் பிரிச்சுப் பாத்துடறேன்.

அப்பா: பிரிக்காதே.

மெக்கானிக்: பிரிக்காம எப்படி சார் கண்டுபிடிக்கறது?

அப்பா: சொன்னா கேளுய்யா, பிரிக்காதே. வண்டியில ஒண்ணும் இல்ல. சாயங்கால வெயில்… எரியறது சிவப்பா பச்சையான்னு எனக்குத் தெரியல. பின்னாடி ஒரே ஹாரன். பாப்பா வேற, போ தாத்தா போங்கறா… சாவியைத் திருப்பி அணைச்சுட்டு, வண்டி நின்னுடுச்சுன்னு சொல்லிட்டேன்.