நில வாரிசு மனு. காலமான கணவர் பெயர்: தப்சாபெய்

— கணவர்னு போட்ட இடத்துல தப்சாபெய்னு எழுதியிருக்கீங்க. அடையாள அட்டையைப் பார்த்தா பெண்ணுன்னு வருது. கம்ப்யூட்டர் தள்ளிடுச்சும்மா.

— திரும்பப் போடுங்க ஆபீசரே.

— மூணு தடவை போட்டாச்சு. ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்குப் புருஷனா இருக்க முடியாதுங்குது.

— அந்தக் கம்ப்யூட்டர் என்ன, நம்ம நந்தி ஜனங்க தேசத்துல பொறந்துச்சா? நீங்க பொறந்தீங்க இல்ல, நீங்க சொல்லுங்க. பிள்ளையில்லாத தப்சாபெய் ஆறு மாடு குடுத்து என்னைக் கட்டிக்கிட்டு வரலையா? அன்னையிலேருந்து ஊரே அவரை ஆம்பளையா நடத்தலையா?

— அவங்க நல்லவங்கதாம்மா...

— அவங்க இல்ல. அவரு.

— சரி, அவரு. வழக்கம் எனக்கும் தெரியும். ஆனா இந்தப் படிவம் இங்கிலீஷ்காரன் காலத்துப் பதிவேட்டை அப்படியே பார்த்துப் பண்ணது. குடும்பத் தலைவன், மனைவி, மகன்கள். மூணே கட்டம்.

— அவன் போயி அறுபது வருஷமாச்சு. அவன் போட்ட கட்டத்தை மட்டும் பெட்டிக்குள்ள வெச்சுப் பொத்திப் பொத்திக் காப்பாத்துறீங்களாக்கும்.

— கிண்டல் வேண்டாம்மா. லஞ்சம் இல்லாத டிஜிட்டல் முறை இது.

— லஞ்சம் வாங்கினவனாவது சொன்னதைக் காதுல வாங்கினான் ஆபீசரே.

— உங்க நேரம்தான் போகுது. அவரோட தம்பி மகன் செருயோட், எல்டோரெட் டவுன்லேருந்து போன்லயே மனு போட்டுட்டான். தப்சாபெய் கல்யாணமே ஆகாம செத்துப்போன பொம்பளை, நாலு ஏக்கர் தேயிலைக்கும் நான்தான் வாரிசுன்னு. அவன் மனுவை கம்ப்யூட்டர் ஏத்துக்கிச்சு. அஞ்சு மணியோட நிலம் அவன் பேருக்குப் போயிடும்.

— இருபத்திரண்டு வருஷமா அந்தத் தேயிலையைக் கிள்ளுற விரல் இது. அவன் அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போகக்கூட வந்ததில்ல.

— அதுக்குக் கட்டம் இல்லம்மா.

— நிலம் வேணும்னா ஆம்பளையாகுன்னு எங்க பெரியவங்க சொன்னாங்க. அதுவே அநியாயம். சரின்னு அவரு ஆனாரு. இப்ப நீங்க, ஆனதும் செல்லாதுங்குறீங்க. பொம்பளைக்கு வேற என்னதான்யா மிச்சம்?

— என்கிட்ட கேட்டா? உங்க ரெண்டு பசங்களுக்கும் நிலம் வேணும்னா, பெத்த தகப்பன்கிட்ட போய்க் கேட்கச் சொல்லுங்க. தப்சாபெய் என்ன, காத்துலயா பெத்துக் குடுத்தாரு? யாரோ ஒருத்தன் வந்திருப்பான் இல்ல?

— அந்தப் பேரைச் சொல்றது வழக்கமில்ல. பிள்ளைங்க தப்சாபெயோட பிள்ளைங்க. வந்தவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. அவன் நிலத்து மேல எங்களுக்கும் கிடையாது.

— கம்ப்யூட்டருக்கு அப்படியில்லம்மா. தகப்பன் நிலத்துல எல்லா மகனுக்கும் சம பங்கு. அது பாட்டுக்குப் பிரிச்சுக் குடுத்துடும். சும்மா வெக்கப்படாம சொல்லுங்க. பால்காரனா, லாரிக்காரனா?

— சிரிக்காதீங்க. ஏத்தினா அழிக்க முடியுமா?

— யாராலயும் முடியாது. நானே நினைச்சாலும் முடியாது.

— நல்லா யோசிச்சுத்தான் கேக்குறீங்களா?

— யோசிக்க என்ன இருக்கு? கையைப் பொத்தான்ல வெச்சுட்டேன். சொல்லுங்க, அடிக்கிறேன்.

— உங்கப்பா பேரை அடிங்க ஆபீசரே. உங்களுக்கு எத்தனை தம்பிங்கன்னு அந்தப் பெட்டியே சொல்லட்டும்.