மேற்கு ஜன்னலுக்கு எட்டு ஸ்க்ரூ

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். என் மனைவி நோரீன் போட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

நீங்கள் மெல்போர்னிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று சொன்னார்கள். டவுன்ஸ்வில் வெயில் உங்களுக்குப் புதிதாக இருக்கும். நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக அது உள்ளே இறங்கும்போது எதிர்ச் சுவரே சுடும். அந்தச் சுவரோரம் இருக்கும் என் கண்ணாடித் தொட்டி சின்னது, தொண்ணூறு லிட்டர்தான். அதிலிருக்கும் பவளங்களுக்கு நீல விளக்கு போதும். வெயில் நேராகப் பட்டால் நிறம் போய் எலும்பாக வெளுத்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வாரம் திரை விலகிக் கிடந்ததில் ஒரு முழுக் கொத்தும் அப்படிப் போனது. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நோரீன் அந்த அறைக்கு வந்ததில் யார் தப்பும் இல்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் அந்த ஓர் அறை வாசலில்தான் நுழைந்தது. ஜன்னலுக்கு வெளியே மாமரம், அதற்குப் பின்னால் குன்று. சாயங்காலம் குன்றுக்கு மேல் வானம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். நான் திரையை மூடினால் திறக்கச் சொல்வாள்.

"உன் பூச்சிங்களுக்கு வெயில் ஆகாது, சரி. எனக்கு மட்டும் இருட்டு ஆகுமா, கிளைவ்?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். நாற்பத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நாங்கள்.

தொட்டிக்குத் துணி போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். துணியைப் போட்டுவிட்டால் நான் எதைப் பார்ப்பது?

ஜனவரியில் புயல் எச்சரிக்கை வந்தது. தெருவில் எல்லோரும் ஜன்னல்களுக்குப் பிளைவுட் அடித்தோம். புயல் கரையேறாமல் திரும்பிவிட்டது, மறுநாள் எல்லோரும் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். மேற்கு ஜன்னல் பலகையை மட்டும் உள்பக்கம் வைத்து எட்டு ஸ்க்ரூ முடுக்கினேன். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் திரை தொங்கியதால் தெருவுக்குத் தெரியாது.

இன்னொரு புயல் வருகிறது என்று நோரீனிடம் சொன்னேன். ரேடியோவிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு, கெட்டுப்போனதாகச் சொன்னேன். வாரம் ஒருமுறை வரும் நர்ஸை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்தினேன். பக்கத்து வீட்டு வெண்டி பூசணி ஸ்கோன் ரொட்டி செய்து கொண்டுவருவாள். நோரீன் தூங்குகிறாள் என்று சொல்லி வாசலிலேயே வாங்கிக்கொள்வேன்.

"இன்னும் தூக்கமா? மகாராணிய எப்பத்தான் பார்க்க விடுவீங்க?" என்பாள்.

அறையில் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும்தான். நோரீனின் முகமும் நீலமாகத் தெரியும். என் கண்ணுக்கு அழகாகவே இருந்தாள். பிடிமானம் இருந்தால் நாலடி நடப்பாள் என்பதால், வெளியே போகும்போது கதவைத் தாழிட்டுவிட்டுப் போவேன். விழுந்துவிடக் கூடாதே.

புயலுக்கு குளோரியா என்று பெயர் வைத்தேன். கடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஐந்து வாரம் ஓட்டினேன். அப்புறம் ஹேசல் என்றேன். அங்கேதான் சறுக்கியது. எங்கள் பக்கம் புயல்களுக்கு எழுத்து வரிசைப்படி, ஓர் ஆண் பெயர் ஒரு பெண் பெயர் என்று மாறி மாறி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நோரீனின் கை நின்றது.

"ரெண்டு பொம்பளைங்களா, கிளைவ்? அடுத்தடுத்தா?"

"இந்த வருஷம் முறைய மாத்திட்டாங்களாம்."

"அப்படியா," என்றாள். மறுபடி வெண்ணெய் தடவினாள். அன்று வெண்ணெய்க் கத்தியை எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் தொட்டிக்குக் கடல்தண்ணீர் எடுக்கப் போவேன். திரும்பி வந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பலகை தரையில் கிடந்தது, திரை விலகியிருந்தது. பக்கத்தில் நோரீன், கையில் அந்தக் கத்தி. ஒற்றைக் கையால் எட்டையும் கழற்றியிருக்கிறாள். விழுந்ததில் தலை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அடிபட்டிருந்தது. வெயில் அவள் முகத்தில் விழுந்து தொட்டிவரை நீண்டிருந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கிவிட்டன.

அவளுக்கு நினைவு இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

"கொஞ்ச நேரம் அப்படியே விடேன், கிளைவ். நல்லா இருக்கு," என்றாள்.

"ஒரு நிமிஷம். இதோ வந்துட்டேன்."

பலகையைத் தூக்கி ஜன்னலில் வைத்தேன். நாலாவது ஸ்க்ரூவை முடுக்கும்போது என் பெயரைச் சொன்னாள். ஆறாவதில் மூச்சு கேட்டது. எட்டாவதை முடித்துத் திரும்பியபோது கேட்கவில்லை. ஃபோன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நாலு இருபதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்த அரை மணி நேரத்தைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அவள் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை. மூன்று நாளாக அழுதுகொண்டுதான் இருக்கிறேன்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஆட்கள் பலகையைக் கழற்றிவிட்டதாக வெண்டி சொன்னாள். தொட்டியை யார் பார்த்துக்கொண்டாலும், முதல் நாள் பத்து நிமிஷம், மறுநாள் இருபது என்று வெளிச்சத்தை மெதுவாகப் பழக்கச் சொல்லுங்கள். ஐந்து வாரமாக வெயிலே படாமல் கிடந்த உயிர்கள். அவை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்?