சேமிக்காத சாவி

“நீதான் கூடவே இருக்கியே சின்னக்குட்டி, உனக்கெதுக்கு?” என்று அப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலையில் என்னை எழுப்புவதுகூட, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பால் ஆறிக்கொண்டிருக்கிறது” என்றுதான். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தால் குரல் போய்விடும் என்று தெரிந்ததும், என் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாளில் முப்பத்தொரு குரல் பதிவுகள். எல்லாம் கல்யாணமாகி வெளியூர் போன அக்காவுக்கு, ஆனால் இருந்தது என் மடிக்கணினியில் மட்டும்தான். எனக்கு ஒன்று என்று வாய்திறந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அம்மா இல்லாத வீடு. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவள் நான். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு பல் மருத்துவருக்கு நோயாளிகளின் விவரங்களைப் பூட்டிவைக்கும் மென்பொருள் செய்துகொடுத்தேன். அதற்கென்று யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்தொகுப்பு ஒன்று இருக்கிறது, லைப்ரரி என்பார்கள். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பதினாறு பதினாறு பைட்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் ஒரு ரகசிய எண்ணோடு, அதாவது சாவியோடு, சேர்த்துக் கலக்கிவிடும். சாவியை வைத்துத் திறந்தால் பழையபடி வந்துவிடும். சாவி இல்லையென்றால் யாராலும் முடியாது. சாவியை நாம்தான் சேமிக்க வேண்டும். லைப்ரரி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

அப்பா இறந்த மறுவாரம் அவருடைய பதிவுகளைப் பூட்டினேன். அந்த மடிக்கணினியைப் பல் மருத்துவமனைக்கும் எடுத்துப் போகிறேன், கண்டவர்கள் காதில் அப்பாவின் குரல் விழக்கூடாது என்று நினைத்தேன். முதலில் ஒன்றை மட்டும் பூட்டித் திறந்து பார்த்தேன். “பெரியவளே, சாப்பிட்டியா?” என்றார் அப்பா. சரியாகத்தான் வேலை செய்தது.

பூட்டினாலும் கோப்பின் அளவு அப்படியே தெரியும். முப்பத்தொன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அக்காவிடம் இவ்வளவு பேச இருந்திருக்கிறது என்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முப்பத்தொன்றையும் பூட்டி, பூட்டாத பிரதிகளை அழித்தேன்.

நேற்று அக்கா வந்தாள். “என்னடி ஊமச்சி, இப்பத்தான் எனக்கு அதக் கேக்கற தைரியம் வந்துது. அப்பாவப் பேசவிடு” என்றாள். சாவியைச் சேமிக்க மறந்துவிட்டேன் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் மறக்கிறதுதான், வேற யாரையாவது கேட்டுப் பார்ப்போம் என்று என் தலையைத் தடவினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். குரல் போனபிறகு, மருத்துவமனையில் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது.

“கடைசிப் பதிவு சின்னக்குட்டிக்கு. நீ கேக்காதே. முன்னாடியே குடுத்தா அழுவா. நான் போனப்புறம் அவகிட்ட சொல்லு.”

இரண்டு தடவை படித்தேன். எழுத்து அப்பாவுடையதுதான்.

“நான் மறக்கலக்கா” என்றேன். “சாவியைச் சேமிக்கிற வரி அந்த நிரல்ல இருந்துது. முதல் பதிவு திறந்ததப் பார்த்துட்டு, அந்த வரிய எடுத்துட்டு மறுபடி முதல்லருந்து ஓட்டினேன். தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

அக்கா என்னையே பார்த்தாள். எனக்கு ஒன்றும் கிடைக்காதபோது அவளுக்கும் வேண்டாம் என்று இருந்ததை, முடிந்தவரை தெளிவாக எடுத்துச் சொன்னேன். அவளும் ஒரு அக்காவாக என்னைப் புரிந்துகொள்வாள் என்றுதான் தோன்றியது.

“இந்தச் சீட்டையாவது நான் வெச்சுக்கறேன்” என்றேன். “பத்திரமாப் பார்த்துக்குவேன்.”

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சீட்டை எடுத்தாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.